சூப்பர் ஹீரோ காமிக்ஸின் காலங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திரைப்படங்களைப் பார்த்துவிட்டுப் பழைய அமெரிக்க காமிக்ஸைத் தேடி வருபவர்கள், ஏறத்தாழ ஒரே ஐயங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே உள்ளன. வேறுவிதமாகச் சொல்லாத இடங்களில், இதழ்களுக்குத் தரப்பட்டுள்ள மாதமும் ஆண்டும் அட்டையில் அச்சிடப்பட்டவை.

பொற்காலம், வெள்ளிக் காலம் என்கிறார்களே, மொத்தம் எத்தனை காலங்கள்? வருடத்தோடு சொல்லுங்கள்.

பெரும்பாலோர் ஏற்கும் பகுப்பில் நான்கு காலங்கள் உள்ளன. 1938 முதல் 1950களின் தொடக்கம் வரை பொற்காலம். 1956 முதல் ஏறத்தாழ 1970 வரை வெள்ளிக் காலம். அங்கிருந்து 1985 வாக்கில் முடிவது வெண்கலக் காலம். அதன் பிறகு வருவது நவீன காலம். பொற்காலத்துக்கும் வெள்ளிக் காலத்துக்கும் நடுவே சில ஆண்டுகள் விடுபட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த ஆண்டுகளில் சூப்பர் ஹீரோ இதழ்கள் மிகவும் அருகிப்போயிருந்தன.

இந்தப் பெயர்களைத் தரவரிசையாக எண்ண வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். வெண்கலக் காலத்தில் வந்த நல்ல கதைகள் பொற்காலக் கதைகளைவிடப் பல மடங்கு தேர்ச்சியானவை. ஒரு காலம் முடிந்து இன்னொன்று ஏன் தொடங்கியது என்று ஆராய்ந்தால், பாத்திரங்களிடம் விடை கிடைப்பதில்லை. இதழ்கள் விற்ற இடம், அவற்றின் விலை, தணிக்கை, படைப்பாளிகளுக்குக் கிடைத்த அல்லது கிடைக்காத உரிமை ஆகியவற்றில்தான் கிடைக்கிறது.

இந்தப் பெயர்களையெல்லாம் டிசி, மார்வெல் நிறுவனங்களே வைத்தனவா?

இல்லை, வாசகர்கள் வைத்தவை. 1960இல் ரிச்சர்ட் லுப்பாஃப் ஒரு ரசிகர் இதழில் எழுதிய கட்டுரையில் ‘பொற்காலம்’ என்று குறிப்பிட்டதையே பலரும் தொடக்கமாகச் சொல்கிறார்கள். வெள்ளியின் கதை இன்னும் சுவையானது. பொற்கால நாயகர்களை இப்படியே மீட்டுக் கொண்டுவந்தால், இருபது ஆண்டுகள் கழித்து மக்கள் இந்தப் பத்தாண்டை ‘வெள்ளி அறுபதுகள்’ என்று அழைப்பார்கள் என ஒரு வாசகர் எழுதிய கடிதம், 1966 பிப்ரவரியில் ‘ஜஸ்டிஸ் லீக் ஆஃப் அமெரிக்கா’ 42ஆம் இதழில் வெளியானது.

அந்தக் கடிதப் பகுதிகளின் பங்கைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. டிசியின் ஆசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் கடிதம் எழுதியவர்களின் முகவரியையும் சேர்த்தே அச்சிட்டார். ரசிகர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டதும், பழைய இதழ்களைப் பட்டியலிடத் தொடங்கியதும் அதனால்தான்.

சூப்பர்மேன்தான் முதல் ஆள் என்றால், அவருக்கு முன்பே வந்த வேதாளனை என்ன செய்வது?

லீ ஃபாக்கின் வேதாளன் 1936 பிப்ரவரியிலேயே முகமூடியோடும் இறுக்கமான உடையோடும் வந்துவிட்டார் என்பது உண்மை. ஆனால் அவர் செய்தித்தாளில் நாள்தோறும் வந்த படத்தொடரின் நாயகர். மனித ஆற்றலுக்கு மீறிய சக்தி எதுவும் அவருக்குக் கிடையாது. நாம் பேசும் காலப் பகுப்பு, தனியாக விற்கப்பட்ட காமிக்ஸ் இதழ்களுக்கு உரியது. 1964இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் வழியாக நம்மவர்கள் வேதாளனைப் புத்தக வடிவிலேயே சந்தித்ததால், இந்தக் குழப்பம் இங்கே இயல்பாக எழுகிறது.

காமிக்ஸ் இதழ்களில் திருப்புமுனை 1938 ஜூன் தேதியிட்ட ‘ஆக்ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ்தான். கிளீவ்லாந்தைச் சேர்ந்த ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள், பல இடங்களில் திருப்பியனுப்பப்பட்ட தங்கள் சூப்பர்மேனை டிசியின் முன்னோடி நிறுவனத்துக்கு 130 டாலருக்கு எல்லா உரிமைகளோடும் விற்றார்கள். இந்தத் தொகையை மறந்துவிட வேண்டாம். பின்னால் வரும் பல பதில்களில் அதன் நிழல் விழுகிறது. அடுத்த ஆண்டே, 1939 மே மாதத்தில், பாப் கேனும் பில் ஃபிங்கரும் உருவாக்கிய பேட்மேன் வந்தார். ஆனால் பேட்மேன் படைப்பில் ஃபிங்கரின் பெயர் அதிகாரபூர்வமாக இடம்பெற 2015 வரை ஆனது.

பொற்கால இதழ்களில் ஓவியம் கரடுமுரடாக இருக்கிறது. இதற்கா அந்தப் பெயர்?

ஓவியத்தின் தேர்ச்சிக்காக அந்தப் பெயர் அமையவில்லை. பத்து சென்ட் விலையில் 64 பக்கங்களை மாதந்தோறும் நிரப்ப வேண்டியிருந்தது. வரைந்தவர்களில் பலர் இருபது வயதை ஒட்டியவர்கள். அப்படியிருந்தும், இரகசிய அடையாளம், துணைச் சிறுவன், நாயகர்களின் கூட்டணி என இன்றுவரை தொடரும் வழக்கங்கள் மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் நிலைபெற்றன. 1940 குளிர்காலத்தில் ‘ஆல் ஸ்டார் காமிக்ஸ்’ மூன்றாம் இதழில் ஜஸ்டிஸ் சொசைட்டி என்ற நாயகர் கூட்டணி உருவாயிற்று. அதே ஏட்டின் எட்டாம் இதழில், 1941 முடியும் தறுவாயில், உளவியலாளர் வில்லியம் மார்ஸ்டன் எழுதிய வொண்டர் வுமன் அறிமுகமானார்.

துணிச்சலையும் சேர்த்துப் பாருங்கள். ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் உருவாக்கிய கேப்டன் அமெரிக்காவின் முதல் இதழ், ஹிட்லரின் முகத்தில் நாயகன் குத்தும் அட்டையோடு 1940 டிசம்பரில் கடைக்கு வந்தது. அமெரிக்கா போரில் இறங்க அப்போது இன்னும் ஓராண்டு இருந்தது. இருவரும் யூதக் குடும்பத்து இளைஞர்கள்; அந்த அட்டைக்காக அவர்களுக்கு மிரட்டல்கள் வந்தன. ஓவியம் எல்லாமே கரடுமுரடானது என்பதையும் நான் ஏற்க மாட்டேன். கேப்டன் மார்வெலுக்கு (இன்று ‘ஷசாம்’ என்று அறியப்படுபவர்; மார்வெல் படங்களில் வரும் நாயகி அல்லர்) சி. சி. பெக் வரைந்த தெளிவான கோடுகளைப் பாருங்கள். நாற்பதுகளின் நடுவே அந்த நாயகரின் இதழ் பத்து லட்சம் பிரதிகளுக்கும் மேல் விற்று சூப்பர்மேனையே முந்தியது.

போர் முடிந்ததும் அத்தனை ஹீரோக்களும் ஏன் காணாமல் போனார்கள்?

போர்க்காலத்தில் இராணுவ வீரர்கள் பெருமளவில் காமிக்ஸ் வாங்கினார்கள். போர் முடிந்ததும் நாயகர்கள் மோத வேண்டிய எதிரியும் போயிற்று, அந்த வாசகர்களின் ரசனையும் மாறிற்று. குற்றக் கதை, காதல் கதை, கௌபாய் கதை, பேய்க் கதை என்று கடைகள் நிரம்பின. கேப்டன் அமெரிக்காவின் ஏடே பேய்க்கதை இதழாகப் பெயர் மாறி, 1950இல் வந்த அதன் இறுதி இதழில் கேப்டன் அமெரிக்காவே இல்லாத நிலை ஏற்பட்டது. 1951இல் ‘ஆல் ஸ்டார்’ கௌபாய் இதழாயிற்று.

கேப்டன் மார்வெலின் முடிவு வேறு வகையானது. அவர் சூப்பர்மேனின் நகல் என்று டிசியின் முன்னோடி நிறுவனம் தொடுத்த வழக்கு பத்தாண்டுக்கும் மேல் இழுத்தது. இறுதியில் அவருடைய இதழ்களை வெளியிட்ட ஃபாசெட் நிறுவனம் சமரசம் செய்துகொண்டு 1953இல் சூப்பர் ஹீரோ இதழ்களை நிறுத்தியது. சொந்தப் பெயரில் இதழ் தொடர்ந்து வந்த பெரிய நாயகர்கள் சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் வுமன் ஆகிய மூவர் மட்டுமே.

வெர்தாம் என்ற மருத்துவர் எழுதிய புத்தகம்தான் பொற்காலத்தை முடித்தது என்று படித்தேன். சரியா?

ஆண்டுகளை ஒப்பிட்டாலே இது பொருந்தாது என்று தெரியும். காமிக்ஸ் குழந்தைகளைக் கெடுக்கிறது என்று வாதிட்ட ஃபிரெட்ரிக் வெர்தாமின் நூல் வெளிவந்தது 1954இல். முந்தைய பதிலில் சொன்னபடி நாயகர்கள் அதற்குள் மறைந்துவிட்டார்கள். அதே ஆண்டு நியூயார்க்கில் நடந்த செனட் துணைக்குழு விசாரணையும் அந்த நூலும் தாக்கியது முதன்மையாகக் குற்றக் கதைகளையும் பேய்க் கதைகளையும்தான். பதிப்பாளர்கள் தாங்களாகவே ‘காமிக்ஸ் கோட்’ என்ற தணிக்கை விதிகளை வகுத்தார்கள். அது அரசுச் சட்டமன்று. ஆயினும் அந்த விதிகளின்படி ஒப்புதல் முத்திரை பெறாத இதழ்களை மொத்த வியாபாரிகள் எடுக்க மறுத்ததால், சட்டத்துக்கு உள்ள வலிமை அதற்கு வந்துவிட்டது. இரத்தக் காட்டேரிகள், ஓநாய் மனிதர்கள் எல்லாம் தடை செய்யப்பட்டன. நன்மையே வெல்ல வேண்டும் என்றும் விதி இருந்தது.

போட்டிக் கதை வகைகள் இவ்வாறு முடக்கப்பட்டதால், இறுதியில் பயன்பெற்றவர்கள் சூப்பர் ஹீரோக்களே. வெர்தாமைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் ஏழைக் கறுப்பினத்தவருக்கு மனநல மருத்துவமனை நடத்திய நல்ல மனிதர் அவர். ஆனால் அவருடைய குறிப்பேடுகளை ஆராய்ந்து கரோல் டில்லி 2012இல் வெளியிட்ட ஆய்வு, நூலில் உள்ள குழந்தைகளின் வாக்குமூலங்களை அவர் மாற்றியும் ஒட்டியும் எழுதியிருந்ததைக் காட்டியது. அந்தத் தவறை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. ஏராளமான ஓவியர்களின் பிழைப்பு அதனோடு போயிற்று.

வெள்ளிக் காலம் ஸ்பைடர்மேனோடு தொடங்கவில்லையா?

இல்லை, அவருக்கு ஆறு ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது. 1956 அக்டோபர் தேதியிட்ட ‘ஷோகேஸ்’ நான்காம் இதழில், ஷ்வார்ட்ஸின் மேற்பார்வையில், பழைய ஃப்ளாஷின் பெயரையும் அதிவேக ஆற்றலையும் மட்டும் வைத்துக்கொண்டு புதிய ஆளாக பேரி ஆலன் படைக்கப்பட்டார். கார்மைன் இன்ஃபான்டினோவின் ஓவியத்தில் வேகம் கண்ணுக்குத் தெரிந்தது. ‘ஷோகேஸ்’ ஒரு சோதனை ஏடு. விற்பனை நிலவரம் தெரிந்த பிறகே 1959இல் ஃப்ளாஷுக்குத் தனி இதழ் கொடுத்தார்கள். அதே ஆண்டு புதிய கிரீன் லான்டர்னும், 1960இல் ஜஸ்டிஸ் லீக்கும் வந்தனர். 1955இல் அறிமுகமான செவ்வாய் மனிதரை முதல்வராகச் சொல்வோரும் உண்டு. அவரைப் பார்த்து வேறு எவரும் புதிய நாயகரைப் படைக்கவில்லை என்பதால் நான் அதை ஏற்பதில்லை.

ஜஸ்டிஸ் லீக்கின் விற்பனையைக் கண்ட பிறகே போட்டி நிறுவனமான மார்வெலின் பதிப்பாளர் மார்ட்டின் குட்மேன் தமக்கும் ஒரு நாயகர் குழு வேண்டும் என்றார். அதன் விளைவு 1961 நவம்பரில் வந்த ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’. ஸ்பைடர்மேன் 1962 ஆகஸ்டில் வந்தவர்.

மார்வெல் அப்படி என்ன புதிதாகச் செய்தது? எல்லாவற்றையும் ஸ்டான் லீ ஒருவரே படைத்தாரா?

நாயகர்கள் தங்களுக்குள் சண்டையிட்டார்கள், வாடகைக்குத் திண்டாடினார்கள், கற்பனை நகரத்தை விட்டு நியூயார்க்கில் வாழ்ந்தார்கள். ஓர் இதழில் நடந்தது இன்னோர் இதழில் நினைவுகூரப்பட்டது. 1966 ஜூலையில் பிளாக் பேந்தர் என்ற ஆப்பிரிக்க அரசரையும் அவர்கள் கொண்டுவந்தார்கள்.

ஆனால் படைத்தவர் ஒருவர் என்று சொல்வது பெரும் அநீதி. மார்வெலின் ஆசிரியரும் கதாசிரியருமான லீ கதையின் சுருக்கத்தைச் சொல்வார், சில வேளை ஒரு பேச்சோடு முடிந்துவிடும்; காட்சிகளைப் பிரித்துக் கதையை நடத்துபவர் ஓவியர்; வரைந்து வந்த பிறகு லீ உரையாடல் எழுதுவார். ஆகவே ஜாக் கிர்பியும் ஸ்டீவ் டிட்கோவும் முழுப் பொருளில் கதாசிரியர்களே. டிட்கோ 1966இல் விலகினார், கிர்பி 1970இல் டிசிக்குப் போனார். உரிமை குறித்துக் கிர்பியின் குடும்பத்தோடு மார்வெல் சமரசம் செய்துகொண்டது 2014இல்தான்.

இன்னொரு செய்தியும் பலருக்குத் தெரிவதில்லை. அக்காலத்தில் மார்வெல் இதழ்களைக் கடைகளுக்கு விநியோகித்தது டிசியின் உரிமையாளருக்குச் சொந்தமான நிறுவனம். மாதத்துக்கு எட்டு இதழ் அளவில் அது வரம்பு வைத்திருந்தது. அயர்ன் மேனும் கேப்டன் அமெரிக்காவும் ஒரே ஏட்டைப் பாதி பாதியாகப் பகிர்ந்துகொண்டதற்கு அதுவே காரணம். 1968இல் அந்தக் கட்டு தளர்ந்ததும் இருவருக்கும் தனித்தனி இதழ்கள் வந்தன.

பழைய ஃப்ளாஷும் புதிய ஃப்ளாஷும் ஒரே கதையில் வருகிறார்களே, எப்படி?

1961 செப்டம்பரில் ‘ஃப்ளாஷ்’ 123ஆம் இதழில் கார்ட்னர் ஃபாக்ஸ் இதற்கு விடை எழுதினார்: பழையவர் வேறோர் பூமியில் வாழ்கிறார், இரண்டு பூமிகளும் ஒரே இடத்தில் வெவ்வேறு அதிர்வில் இயங்குகின்றன. அதன் பிறகு பூமிகள் பெருகிக்கொண்டே போயின. அவற்றை ஒன்றாக்கும் பன்னிரண்டு இதழ் பெருங்கதையை 1985, 1986 ஆண்டுகளில் டிசி வெளியிட்டது. வெண்கலக் காலத்தின் முடிவாகப் பலர் காட்டுவது அதைத்தான்.

வெண்கலக் காலம் 1970இல் தொடங்கியதா, 1973இலா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

ஸ்பைடர்மேனின் காதலி குவென் ஸ்டேசி இறக்கும் 1973 ஜூன் இதழை எல்லையாகக் கொள்பவர்கள், நாயகன் எப்போதும் காப்பாற்றிவிடுவான் என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது என்கிறார்கள். என் தேர்வு 1970. அந்த ஓராண்டில் கிர்பி மார்வெலை விட்டு விலகினார். சூப்பர்மேன் இதழ்களை நெடுங்காலம் நடத்திய மார்ட் வைசிங்கர் ஓய்வு பெற்றார். எழுத்தாளர் டென்னி ஓ’நீலும் ஓவியர் நீல் ஆடம்ஸும் கிரீன் லான்டர்ன், கிரீன் ஆரோ கதைகளில் இனவெறியையும் வறுமையையும் நேரடியாகப் பேசத் தொடங்கினார்கள். பழங்கால வாள்வீரன் கோனன் போன்ற வேறு வகை நாயகர்களும் இதழ் பெற்றார்கள்.

1971இல் தணிக்கையும் அசைந்தது. போதைப்பொருளுக்கு எதிராக எழுதுமாறு அமெரிக்க அரசின் சுகாதாரத் துறை கேட்டுக்கொண்டதன்பேரில் ஸ்டான் லீ எழுதிய ஸ்பைடர்மேன் கதைக்குத் தணிக்கை முத்திரை மறுக்கப்பட்டது; 96, 97, 98 ஆகிய மூன்று இதழ்களும் முத்திரை இல்லாமலேயே வெளியாயின. அதே ஆண்டு விதிகள் தளர்த்தப்பட்டன. இரத்தக் காட்டேரிக்கு இருந்த தடையும் நீங்கியதால் 1972இல் டிராகுலாவே ஒரு மார்வெல் ஏட்டின் நாயகரானார். பழைய கதைகளை மறுபதிப்பு செய்துகொண்டிருந்த எக்ஸ்-மென், 1975இல் பல நாட்டவர் கொண்ட புதிய குழுவாக எழுந்தது.

எழுபதுகளில் விற்பனை சரிந்தது என்கிறார்கள். பிறகு 1986இல் ‘வாட்ச்மென்’ போன்றவை எப்படி வந்தன?

என்னைக் கேட்டால், இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான கேள்வி இதுதான். பத்திரிகைக் கடைகள் விற்காத பிரதிகளைத் திருப்பியனுப்பிவிடும். பதிப்பாளர் அச்சிட்டதில் பெரும்பகுதி வீணாகும். 1973 வாக்கில் ஃபில் சூலிங் என்ற நியூயார்க் ஆசிரியர் மாற்று வழி ஒன்றைக் கொண்டுவந்தார். காமிக்ஸ் மட்டுமே விற்கும் கடைகள் பதிப்பாளரிடமிருந்து அதிகத் தள்ளுபடியில் வாங்கும். விற்காவிட்டால் திருப்ப முடியாது. இதனால் எவ்வளவு அச்சிட வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தது. 1981இல் மார்வெல் ‘டாஸ்லர்’ முதல் இதழை இந்தக் கடைகளுக்கு மட்டுமே கொடுத்து நான்கு லட்சத்துக்கும் மேல் விற்றது. அக்காலத்தில்தான் படைப்பாளிகளுக்கு விற்பனைக்கேற்ற பங்குத்தொகையும் கிடைக்கத் தொடங்கியது.

மொத்த வியாபாரிகளை நம்பி இருக்க வேண்டாம் என்றானதும் தணிக்கை முத்திரையின் பிடி தளர்ந்தது. வயது வந்த வாசகர்களுக்கு, நல்ல தாளில், அதிக விலையில் வெளியிட முடிந்தது. ஃபிராங்க் மில்லரின் ‘தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’ 1986இல் இதழுக்கு 2.95 டாலர், அப்போது வழக்கமான இதழ் 75 சென்ட். ஆலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் படைத்த ‘வாட்ச்மென்’ இவ்விதம் திறந்த வழியில் வந்ததே. அவற்றின் மேதைமை படைத்தவர்களுடையது. அவை அச்சேறுவதற்கான இடத்தைக் கொடுத்தவை அந்தக் கடைகள்.

1938 இதழ் கோடிக்கணக்கில் விலை போகிறது. 1991இல் வாங்கிய எக்ஸ்-மென் முதல் இதழுக்கு ஏன் விலையே இல்லை?

‘ஆக்ஷன் காமிக்ஸ்’ முதல் இதழின் ஒரு பிரதி 2024இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அச்சான காலத்தில் அதை எவரும் பாதுகாக்கவில்லை. போரின்போது பழைய தாள் சேகரிப்பில் காமிக்ஸ் மூட்டை மூட்டையாகக் கூழுக்குப் போயிற்று. எக்ஸ்-மென் இதழோ ஐந்து வகை அட்டைகளோடு 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் கடைகளுக்குப் போனது. வாங்கியவர்களில் பலர் பிரித்துக்கூடப் படிக்காமல் எடுத்து வைத்தார்கள். எல்லோரிடமும் இருக்கும் பொருளை யார் விலைகொடுத்து வாங்குவார்?

அந்த எண்ணிக்கை கடைகள் வாங்கியது என்பதையும் நினைவில் வையுங்கள். முந்தைய பதிலில் சொன்ன ‘திருப்ப முடியாது’ என்ற நிபந்தனை இப்போது கடைக்காரர்களின் கழுத்தை நெரித்தது. 1992 நவம்பரில் சூப்பர்மேன் இறக்கும் இதழுக்குப் பெருங்கூட்டம் வந்தது; அடுத்த ஆண்டு முதல் சரிவு தொடங்கி ஆயிரக்கணக்கான கடைகள் மூடப்பட்டன. 1996 டிசம்பரில் மார்வெலே திவால் மனு கொடுத்தது.

ஒரே இதழுக்கு ஓரிடத்தில் ஏப்ரல் என்றும் இன்னோரிடத்தில் ஜூன் என்றும் போடுகிறார்களே?

இரண்டும் சரி. அட்டையில் இருப்பது, கடைக்காரர் இதழை எப்போது அகற்ற வேண்டும் என்பதற்கான மாதம். கூடுதல் நாட்கள் கடையில் இருக்கட்டும் என்று பிந்திய மாதத்தையே அச்சிட்டார்கள். ஜூன் தேதியிட்ட ‘ஆக்ஷன் காமிக்ஸ்’ ஏப்ரலிலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. எது முந்தியது என்று வாதிடும்போது, ஒரே வகைத் தேதியை இரண்டு இதழ்களுக்கும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நவீன காலம் நாற்பது ஆண்டுகளாகவா நீடிக்கிறது?

அப்படி நீட்டுவது எனக்கும் பொருத்தமாகத் தோன்றவில்லை. 2000, 2001 ஆண்டுகளில் ஒரு கோடு போடலாம் என்பது என் கருத்து. எக்ஸ்-மென் திரைப்படம், பழைய தொடர்ச்சியின் சுமை இல்லாத ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’, தணிக்கை முத்திரையை மார்வெல் கைவிட்டது ஆகியவை அந்த இரண்டு ஆண்டுகளுக்குள் நடந்தன. தொகுப்பு நூல்களாகப் புத்தகக் கடையில் விற்பதும் அதன் பிறகே பெருகிற்று. டிசி முத்திரையை விட்டது 2011இல். எல்லோரும் ஏற்ற பெயர் இன்னும் அமையவில்லை.

நாங்கள் தமிழில் படித்த இரும்புக்கை மாயாவியும் ஸ்பைடரும் எந்தக் காலத்தில் சேர்வார்கள்?

இரண்டுமே பிரிட்டிஷ் வார இதழ்களில் கருப்பு வெள்ளையில் தொடராக வந்தவை. அமெரிக்கக் காலப் பகுப்பு அவற்றுக்குப் பொருந்தாது. இரும்புக்கை மாயாவியின் மூலம் 1962இல் ‘வேலியன்ட்’ இதழில் தொடங்கியது. தமிழில் 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தது. ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் அல்லர்) 1965இல் பிரிட்டனின் ‘லயன்’ இதழில் தொடங்கி, எண்பதுகளில் சிவகாசியின் லயன் காமிக்ஸ் வழியாக நம்மிடம் வந்தார்.

ஆனால் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. ஸ்பைடர் கதைகளில் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த அதே ஜெர்ரி சீகல். டிசியில் எழுதும் வாய்ப்பு நின்றுபோன அறுபதுகளின் பிற்பகுதியில் அவர் பிரிட்டிஷ் இதழுக்கு எழுதினார். 130 டாலர் ஒப்பந்தத்தின் தொடர்ச்சியே அந்த நிலை. 1975இல் பொதுமக்களின் ஆதரவு திரண்ட பிறகே அவருக்கும் ஷூஸ்டருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் ஓய்வூதியமும், சூப்பர்மேன் கதைகளில் பெயரும் கிடைத்தன.

பொற்கால ஹீரோக்களை இனி யார் வேண்டுமானாலும் வரையலாம் என்கிறார்களே, உண்மையா?

பெரிய நாயகர்களைப் பொறுத்தவரை இன்னும் இல்லை. அமெரிக்கச் சட்டப்படி, உரிமை முறையாகப் புதுப்பிக்கப்பட்ட அக்கால வெளியீடுகளுக்குப் பதிப்புரிமை 95 ஆண்டுகள். ‘ஆக்ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ் 2034 ஜனவரி 1 அன்றும், பேட்மேன் முதல் கதை அதற்கடுத்த ஆண்டும் பொதுவுடைமையாகும். அப்போதும் அந்தந்த இதழில் உள்ளவை மட்டுமே விடுபடும். 1938 சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது, தாவ மட்டுமே தெரியும்; கிரிப்டோனைட் நாற்பதுகளின் வானொலித் தொடரில் நுழைந்தது. பின்னால் சேர்ந்த ஒவ்வொன்றும் அதனதன் ஆண்டுக் கணக்குப்படியே வெளிவரும். சின்னத்தையும் பெயரையும் வணிக அடையாளமாகப் பயன்படுத்துவதற்கான உரிமை தனிச் சட்டத்தின் கீழ் வருவதால், அது நிறுவனத்திடமே இருக்கும்.